நூற்றுவர் தலைவரின் ‘பையன்’

உலகத்தில் எங்கெல்லாம் கத்தோலிக்கப் பூசை நடக்கிறதோ அங்கெல்லாம், நற்கருணை வாங்குவதற்குச் சற்று முன்னால், ஒரு படை அதிகாரி பேசிய பேச்சைச் சனங்கள் ஒப்பிக்கிறார்கள். தன் வீட்டுக் கூரைக்கு அடியில் ஆண்டவர் வரத் தனக்கு அருகதை கிடையாது, வார்த்தை ஒன்று சொன்னால் போதும் என்பது அதன் சாரம். 1969-இல் பூசை முறையை மாற்றும்வரை இதை மூன்று தடவை, மார்பில் அடித்துக்கொண்டு சொல்வது வழக்கம். லத்தீனில் என்ன சொல்லப்படுகிறது என்று எங்கள் பாட்டிமார்களுக்குத் தெரியாது. மார்பில் அடித்துக்கொள்ளத் தெரியும்.

பேசியவர் யார், யாருக்காகப் பேசினார் என்பதெல்லாம் பின்னால் போய் வாக்கியம் மட்டும் தனியே நிற்கிறது. அதிலும் ஒரு வெட்டு இருக்கிறது. நற்செய்தியில் அந்த அதிகாரி கேட்டது, தன் வீட்டில் படுத்துக்கிடந்த வேலையாளுக்குச் சுகம். பூசையில் சொல்லும்போது வேலையாளை எழுப்பி அனுப்பிவிட்டு அந்த இடத்தில் ஆன்மாவை உட்கார வைத்திருக்கிறார்கள். இன்னொருவன் உடம்புக்காகக் கேட்டது, என் ஆன்மாவுக்காக நானே கேட்பதாக மாறிவிட்டது. கவிதை எழுதுகிறவனுக்கு இது உடனே கண்ணில் உறுத்தும். ஒரு சொல்லை உருவினால் போதும், பாட்டே வேறு பாட்டாகிவிடும். தாழ்மையான விசுவாசம் என்று இந்தக் கதையை வைத்து நமக்குச் சொல்லிக்கொடுக்கிறார்களே, அந்தப் பாடம் முழுக்க இந்த வெட்டுக்குப் பிறகு எழுதப்பட்டது என்பதுதான் என் கட்சி.

கதையைப் பார்ப்போம். மத்தேயு 8, லூக்கா 7. இடம், கலிலேயா ஏரியின் வடமேற்குக் கரையில் இருந்த கப்பர்நாகும். நூற்றுவர் தலைவர் என்றால் பேருக்கு நூறு பேர், நடைமுறையில் எண்பது பேர் அளவுக்குக் கைக்குள் வைத்திருந்த அதிகாரி. கலிலேயாவை அப்போது ஏரோது அந்திப்பா ஆண்டான், ரோமாபுரியின் தயவில். ஆகவே இவர் நேராக ரோமப் படையைச் சேர்ந்தவரா, ஏரோதின் படையில் இருந்தவரா என்று அறிஞர்களுக்குள் தகராறு உண்டு. யூதர் அல்ல என்பதில் தகராறு இல்லை. மத்தேயு சொல்கிறபடி அவரே நேரில் வருகிறார். வேலையாள் முடக்குவாதத்தில் கிடக்கிறான், வேதனை தாங்கவில்லை என்கிறார். லூக்கா சொல்கிறபடி அவர் இயேசுவின் முகத்தையே பார்க்கவில்லை. முதலில் யூதப் பெரியவர்களைத் தூது விடுகிறார், அப்புறம் நண்பர்களை. இயேசு வியந்துபோகிறார். நற்செய்திகளில் இயேசு வியந்ததாக எழுதியிருப்பது இரண்டே இடத்தில்: இங்கே ஒரு படைக்காரரின் நம்பிக்கையைக் கண்டு, நாசரேத்தில் சொந்த ஊர்க்காரர்களின் நம்பிக்கையின்மையைக் கண்டு. படுத்துக்கிடந்தவன் தூரத்திலிருந்தே குணமாகிறான்.

அவன் யார்? லூக்கா தன் வாயால் சொல்லும்போது ‘தூலோஸ்’ என்கிறார். அடிமை என்று பச்சையாக அர்த்தம். அதிகாரியின் வாயில் வரும்போது சொல் மாறுகிறது: ‘பாய்ஸ்’. மத்தேயுவிலும் நோயாளிக்கு அந்தச் சொல்தான். கிரேக்கத்தில் அதற்குக் குழந்தை என்றும் அர்த்தம், அடிமை என்றும் அர்த்தம். மகன் என்று போடுவதா, ஊழியன் என்று போடுவதா என்று மொழிபெயர்ப்பாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நமக்கு இதில் என்ன குழப்பம்? நரைத்த தலைக்காரரைப் பண்ணையாரின் பத்து வயசு வாரிசு ‘டேய் பையா’ என்று கூப்பிட்டதை நம் அப்பனும் பாட்டனும் காதால் கேட்டவர்கள், ‘சாமி’ என்று ஓடி வந்தவர்கள். அடிமைக்கு வயசு ஏறாது. கல்யாணம் முடித்துப் பிள்ளை பெற்றுப் பேரன் எடுத்தாலும் பையன்தான். 1843-இல் அடிமை முறைக்குச் சட்டத்தில் இடமில்லை என்று ஆன பிறகும் நூறு வருஷத்துக்கு மேல் பையனாகவே இருந்தவர்கள் நாம். கிரேக்க அகராதியைப் புரட்டாமலே இந்தச் சொல் நமக்கு விளங்கும்.

லூக்கா இன்னொரு சொல்லும் போடுகிறார். அந்த அடிமை முதலாளிக்கு மதிப்புள்ளவனாம். பிரியமானவன் என்றும் கொள்ளலாம், விலைமதிப்புள்ளவன் என்றும் கொள்ளலாம். நல்ல உழவு மாடு சீக்கில் விழுந்தால் பண்ணையாருக்கும் தூக்கம் வராதுதான். ரோமாபுரியில் வர்ரோ என்று ஒருவர், இயேசுவுக்கு முந்தின தலைமுறை, விவசாயம் பற்றிப் புத்தகம் எழுதினார். பண்ணைக் கருவிகளை மூன்றாகப் பிரித்தார்: பேசாத கருவி, அது வண்டி, பாதி பேசும் கருவி, அது மாடு, பேசும் கருவி, அது அடிமை. நம் கதையில் அந்தப் பேசும் கருவி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பெரியவர்கள் பேசுகிறார்கள், நண்பர்கள் பேசுகிறார்கள், அதிகாரி பேசுகிறார், இயேசு பேசுகிறார். வலி யாருக்கோ அவன் பேசவில்லை. அதிகாரியைச் சிறுமைப்படுத்த இதைச் சொல்லவில்லை. அவர் நிஜமாகவே பாசக்காரராக இருந்திருக்கலாம். அந்தக் காலத்தில் ஓர் அடிமைக்காக ஒரு படைத்தலைவர் ஊர் ஊராகச் சுற்றும் வைத்தியனிடம், அதுவும் தன் ஆட்சிக்குக் கீழ்ப்பட்ட சனத்தில் ஒருவரிடம், கையேந்தியது சாதாரணக் காரியமல்ல.

அந்த யூதப் பெரியவர்கள் இயேசுவிடம் வைத்த சிபாரிசு வேடிக்கையானது. இவர் தகுதியுள்ள ஆள், நம் மக்கள்மேல் பிரியம் உள்ளவர், நமக்குத் தொழுகைக்கூடம் கட்டிக் கொடுத்தவர் என்றார்கள். அதாவது, உபயதாரர். நம் ஊர்க் கோயில்களில் டியூப்லைட்டில் உபயதாரர் பேரைக் கொட்டை எழுத்தில் எழுதி வெளிச்சத்தைப் பாதியாக்கி வைத்திருப்பார்களே, அந்தக் கணக்கு. பணம் போட்டவருக்கு மேலிடத்தில் முன்னுரிமை. ஆனால் அதிகாரி அந்தச் சிபாரிசைக் கிழித்துப் போட்டுவிடுகிறார். பெரியவர்கள் தகுதி உண்டு என்றதும் இவர் தகுதி இல்லை என்றதும் லூக்காவில் அடுத்தடுத்து வருகின்றன. இந்தக் கதையில் தாழ்மை என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான் இருக்கிறது. நன்கொடை ரசீதை நீட்டி வரிசையில் முந்தாதது. தன் வேலையாளுக்காகத் தன் தலையைக் குனிந்தது.

கூரைக்கு அடியில் வர வேண்டாம் என்றது வெறும் பணிவும் அல்ல. அதில் தீட்டு இருக்கிறது. யூதர் பிறவினத்தார் வீட்டுக்குள் போகலாகாது என்ற விதியைத் திருத்தூதர் பணிகள் 10-இல் பேதுருவே சொல்கிறார், அதுவும் செசரியாவில் கொர்னேலியு என்ற இன்னொரு நூற்றுவர் தலைவரின் வீட்டுக்குள் நின்றுகொண்டு! கப்பர்நாகும் அதிகாரிக்கு இந்த விதி தெரியும். என் வீட்டுக்குள் வந்து உமக்குத் தீட்டு ஏற்பட வேண்டாம் என்று முன்கூட்டியே விலகுகிறார்.

இதைப் படித்ததும் நம் இறையியல் தோழர்கள் சிலர், ஆகா, அதிகாரியும் தீண்டப்படாதவர், நாமும் தீண்டப்படாதவர் என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். அவசரக் கணக்கு. வெள்ளைக்காரத் துரைகூட மிலேச்சன்தான். துரையோடு கைகுலுக்கிவிட்டு வீட்டுக்கு வந்து தலைமுழுகிய ஆசாரக்காரர்கள் இருந்தார்கள். அதற்காகத் துரை ஊருக்கு வெளியே குடிசை போட்டுக்கொண்டா கிடந்தான்? தலைமுழுகியவர் மறுநாள் காலை துரை பங்களா வாசலில் குல்லாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கையில் படை இருக்கிறவனின் தீட்டு வேறு. கையில் ஒன்றுமில்லாதவனின் தீட்டு வேறு. முதலாவது சடங்கு. இரண்டாவது வாழ்க்கை. அதிகாரி தகுதியில்லை என்று சொன்னபோது அவர் எதையும் இழக்கவில்லை. மறுநாளும் எண்பது பேர் அவருக்கு வணக்கம் வைப்பார்கள். அதனால்தான் அது அழகாக இருக்கிறது. மேலே நிற்கிறவன் இறங்கி வருவது பார்க்க அழகுதான்.

இதே வசனத்தைக் கீழே இருக்கிறவனிடம் கொடுத்து ஒப்பிக்கச் சொன்னால் என்ன ஆகும்?

எங்கள் ஊரில் மாதா தேர் ஊர்த்தெருவை எல்லாம் சுற்றிவிட்டு எங்கள் தெரு முக்கில் திரும்பிவிடும். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் தெரு இளைஞர்கள் தேர் உள்ளே வர வேண்டும் என்று மனு கொடுத்தார்கள். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் சாமியார் எடுத்தது இந்தக் கதை. ‘அவ்வளவு பெரிய அதிகாரியே ஆண்டவரை வீட்டுக்கு வர வேண்டாம்னு சொன்னாரு. விசுவாசம் இருந்தா தேர் வந்துதான் ஆகணுமா? இருக்கிற இடத்துல இருந்தே கும்பிட்டா அருள் வராதா?’ ஊர்த்தெருக்காரர்கள் தலையாட்டினார்கள். அவர்கள் ஒவ்வொருவர் வாசலிலும் தேர் நின்று, மாலை வாங்கி, மெழுகுவர்த்தி வாங்கித்தான் நகரும். இருக்கிற இடத்திலிருந்தே கும்பிடுகிற விசுவாசம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. எங்கள் பக்கத்திலும் சில பெரியவர்கள், சாமியார் சொல்றதும் வாஸ்தவந்தானே என்று எழுந்து போனார்கள். எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை.

லூக்காவை எடுத்து வாசித்துப் பாருங்கள். அந்த அதிகாரியின் நண்பர்கள் வந்து சேரும்போது இயேசு எங்கே இருக்கிறார்? வீட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். கிளம்பிவிட்டார், நடந்தும்விட்டார். மத்தேயுவில் கேட்ட மாத்திரத்தில் தானே வருவதாகச் சொல்கிறார். (பழைய ஏடுகளில் நிறுத்தக்குறி இல்லாததால் அதை ‘நான் வர வேண்டுமா?’ என்று கேள்வியாகவும் வாசிப்பவர்கள் உண்டு. இருக்கட்டும்.) வர வேண்டாம் என்று சொன்னது வீட்டுக்காரர். சொல்ல உரிமையுள்ளவர் சொன்னார். எங்கள் ஊரில் வீட்டுக்காரன் வா என்கிறான், தேரைத் தூக்குகிறவன் வராது என்கிறான். இரண்டும் எப்படி ஒரே கதை ஆகும்? இந்தப் பிரசங்கத்தில் ஆண்டவர் வாயை மூடிவிட்டு அவர் பேரில் தேர்க்காரன் பேசியிருக்கிறான்.

தாழ்மை என்ற சொல்லை நாங்கள் வங்கியில் தினமும் பார்க்கிறோம். கவுண்டருக்கு இந்தப் பக்கம் பத்து வருஷத்துக்கு மேலாக உட்கார்ந்திருக்கிறேன். கல்விக்கடன் கேட்டு வருகிற தகப்பன், மகளிர் குழுவுக்கு ஐம்பதாயிரம் கேட்டு வருகிற பெண், கறவை மாட்டுக்கு வருகிறவர்: இவர்கள் மனுவெல்லாம் ‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்றுதான் முடியும். நூலில் கட்டிய பேனாவால் நின்றுகொண்டே எழுதுகிற மனு. கோடிக்கணக்கில் வாங்குகிறவர் மனுவில் நான் அந்தச் சொல்லைப் பார்த்ததில்லை. அவர்கள் மனுவே எழுதுவதில்லை. மேலாளர் அறையில் காபி குடித்துக்கொண்டே கையெழுத்துப் போடுகிறார்கள். தமிழில் இன்னொரு கொடுமையும் இருக்கிறது. அரசாங்கம் நமக்கு வைத்த பேர் தாழ்த்தப்பட்டோர். தாழ்மை, தாழ்த்தப்பட்டோர்: ஒரே வேர். ஒருத்தர் தானாகத் தாழ்ந்தால் அது புண்ணியம், இன்னொருத்தர் தாழ்த்தினால் அது குற்றம். ஏற்கனவே தாழ்த்தி வைத்தவனிடம் போய்த் தாழ்மையாக இரு என்றால், அது நீ கிடக்கிற இடத்திலேயே கிட என்பதற்குப் பக்தி மொழி. வேறென்ன?

அதிகாரி சொன்ன உவமையும் எனக்கு ஆபீசை நினைவுபடுத்துவதுதான். நானும் அதிகாரத்துக்குக் கீழ்ப்பட்டவன், எனக்குக் கீழேயும் ஆட்கள் உண்டு, போ என்றால் போவான், வா என்றால் வருவான், உம் வார்த்தைக்கும் நோய் அப்படியே கீழ்ப்படியும் என்கிறார். தலைமை அலுவலகத்தில் சுற்றறிக்கை பிறக்கும். வட்டார அலுவலகம், கிளை மேலாளர், கிளார்க், கடைநிலை ஊழியர் என்று இறங்கிக் கடைசியில் பகுதிநேரமாகப் பெருக்க வருகிற அம்மாவின் தலையில் வந்து நிற்கும். அந்த அம்மாவுக்குக் கீழே யாரும் இல்லை. வா போ என்று சொல்ல அவரிடம் ஆள் கிடையாது. வார்த்தையின் சக்தியைப் பற்றி அதிகாரி இவ்வளவு உறுதியாக இருந்ததற்குக் காரணம், தன் வார்த்தை பலிப்பதைத் தினமும் பார்த்தவர் அவர். நாமும் வார்த்தையின் சக்தியைப் பார்த்திருக்கிறோம், வேறு திசையிலிருந்து. 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தியில் இந்து என்ற ஒரு சொல். அந்த ஒரு சொல்லால் கிறித்தவத் தலித்துகள் பட்டியல் சாதியே இல்லை என்றாகிவிட்டது. 1956-இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். என் சாதிச் சான்றிதழில் நான் பிற்படுத்தப்பட்டவன். தேர் மட்டும் என் சான்றிதழைப் படிக்கவில்லை.

அப்படியானால் நமக்கு எந்தக் கதை? மத்தேயுவிலேயே இருக்கிறது. நம்பிக்கை பெரியது என்று இயேசு பாராட்டிய ஆட்கள் மத்தேயுவில் இரண்டே பேர், இரண்டு பேரும் பிறவினத்தார், இரண்டு பேருக்காகவும் குணமானது தூரத்தில் கிடந்த வேறொருவர். ஒருவர் இந்த அதிகாரி. இன்னொருவர் தீர் பகுதியைச் சேர்ந்த ஒரு தாய். மத்தேயு 15-இல் கானானியப் பெண், மாற்கு 7-இல் சிரிய பெனிசியப் பெண். மகளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று கத்திக்கொண்டே பின்னால் வருகிறாள். இயேசு வாய் திறக்கவில்லை. சீடர்கள் அவளை அனுப்பிவிடச் சொல்கிறார்கள். கடைசியில் அவர் சொன்னது, பிள்ளைகளுக்கான அப்பத்தை நாய்களுக்குப் போடுவது முறையல்ல என்பது. 

இங்கே பிரசங்கிகள் படும் பாடு சொல்லி மாளாது. மூலத்தில் இருப்பது செல்லமாகச் சொல்லும் ‘நாய்க்குட்டி’ என்பார்கள். தமிழ் விவிலியத்திலும் நாய்க்குட்டிதான். நாயே என்று நம்மைக் கூப்பிட்டவன், குட்டி சேர்த்துக் கூப்பிட்டால் இனித்துவிடுமா? அவளுடைய விசுவாசத்தைச் சோதித்தார் என்பார்கள். பிள்ளைக்குச் சீக்கு என்று வந்த தாயிடம் என்ன சோதனை? இயேசுவைக் காப்பாற்ற இவ்வளவு பேர் ஓடி வருகிறார்கள். அவளோ அவரை நேராகவே எதிர்கொண்டாள். மேசைக்கு அடியில் கிடக்கும் நாய்க்கும் பிள்ளைகள் சிந்தும் துணிக்கை உண்டே என்றாள்.

இதைத்தான் தாழ்மையின் சிகரம் என்கிறார்கள். நாய் என்றதையும் ஏற்றுக்கொண்டாளாம். நான் அப்படி வாசிக்கவில்லை. அவள் செய்தது வாதம். உன் பேச்சையே எடுத்துக்கொள்கிறேன், நாய் என்றே வைத்துக்கொள், அப்போதும் எனக்கு இந்த வீட்டில் பங்கு இருக்கிறது, இல்லையென்று சொல் பார்ப்போம். 1924-இல் வைக்கத்தில் கேட்ட கேள்வி இதே வார்ப்பில்தான் இருந்தது: நாயும் பன்றியும் நடக்கிற தெருவில் மனுஷன் நடந்தால் என்ன? பறை என்ற சொல்லை வசவாக வீசினார்கள், நாம் அதையே தோளில் மாட்டிக்கொண்டு மேடையில் அடித்தோம். அந்தப் பெண் நமக்கு முன்னோடி. எனக்குத் தெரிந்து நற்செய்திகளில் இயேசுவைப் பேச்சில் வென்ற ஒரே ஆள் அவள்தான். இயேசுவும் தோற்றதை மறைக்கவில்லை. மாற்குவைக் கவனியுங்கள். அங்கே விசுவாசம் என்ற சொல்லே வராது. நீ சொன்ன இந்தச் சொல்லுக்காகவே போ, உன் மகளை விட்டுப் பேய் போயிற்று என்ற பொருளில் பேசுகிறார். சொல்லுக்காக! பணிவுக்காக அல்ல. பிற்பாடு எழுதிய மத்தேயுதான் அதை விசுவாசம் என்று மாற்றுகிறார். மாற்றட்டும். விசுவாசம் என்றால் எதிர்த்துப் பேசுவதும் சேர்த்தி என்று அதற்கு அர்த்தமாகிறது.

ஒரு சிக்கல் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். தீர் பணக்காரத் துறைமுகம். அதன் வயிற்றுக்குச் சோறு போனது கலிலேயா போன்ற உள்நாட்டிலிருந்து. திருத்தூதர் பணிகள் 12-இலும் தீரும் சீதோனும் ஏரோது மன்னரின் நாட்டிலிருந்து வந்த உணவை நம்பியிருந்ததாக வருகிறது. ஜெர்மன் அறிஞர் கெர்ட் தைசன் இதை வைத்து, அவள் வசதியான கிரேக்கப் பெண்ணாக இருக்கலாம், பிள்ளைகளின் அப்பம் என்றது கலிலேயக் குடியானவர்கள் வாயிலிருந்து பிடுங்கப்பட்ட அப்பமாக இருக்கலாம் என்று எழுதியிருக்கிறார். இருந்தால் இயேசுவின் கோபத்துக்கு ஒரு நியாயம் கிடைக்கிறது. ஆனால் அன்றைக்கு அந்த வாசலில் அவள் ஒற்றைப் பெண், அந்நியள், கேட்பாரில்லாத மகளின் தாய். துறைமுகத்தின் கணக்கை அந்தச் சிறுமியின் தலையில் எழுத முடியாது என்று இயேசுவுக்கே உறைத்ததால்தான் அவர் இறங்கி வந்தார்.

அம்பேத்கரியத் தோழர்கள் கேட்பார்கள்: இந்தப் புத்தகத்தோடு ஏன் இவ்வளவு மல்லுக்கட்டு? வெளியே வந்துவிட வேண்டியதுதானே? நியாயமான கேள்வி. மதம் மாறிய தீண்டப்படாதவர்களைத் திருச்சபை எப்படிக் கைவிட்டது என்பதை அண்ணலே விரிவாக எழுதினார். 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் அவர் வேறு வழியில் போனார். நானும் பூசைக்குப் போவதை நிறுத்தி வருஷங்கள் ஆகிவிட்டன. அம்மா போகிறாள். சேரிகளில் லட்சக்கணக்கான அம்மாக்கள் போகிறார்கள், அந்த வாக்கியத்தைச் சொல்கிறார்கள். எனக்கு நற்செய்தி பஞ்சமி நிலம் மாதிரி. 1892-இல் நமக்கென்று ஒதுக்கினார்கள், பட்டா நம் பேரில், உழுது தின்கிறவன் வேறொருவன். மண் புளித்துப் போச்சு என்று நாமாக எழுந்து போனால் ஆக்கிரமித்தவனுக்குத்தான் கொண்டாட்டம். பயிர் வைக்கிறோமா இல்லையா என்பது அப்புறம். முதலில் எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று தேடுவோம்.

அதிகாரியைப் பாராட்டிய கையோடு இயேசு சொன்ன அடுத்த பேச்சு எத்தனை பிரசங்கத்தில் வருகிறது? மத்தேயு 8, பதினொன்று, பன்னிரண்டு. கிழக்கிலும் மேற்கிலுமிருந்து பலர் வந்து ஆபிரகாமோடு பந்தியில் உட்காருவார்கள்; எங்களுக்குத்தான் உரிமை என்று இருந்தவர்கள் வெளியே இருட்டில் தள்ளப்படுவார்கள் என்கிறார். பந்தி! நம் ஊரில் சாதி உயிரோடு இருக்கிற இடமே அதுதான். மேசைக்கு அடியில் துணிக்கை கேட்டு வாதாடியவள் ஒருத்தி. இங்கே மேசையில் இடமே தரப்படுகிறது, உரிமைக்காரன் எழுப்பப்படுகிறான். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த பரட்டை என்கிற தியாபிலஸ் அப்பாவு இதைப் பிடித்துக்கொண்டார். சேர்ந்து ஒரே உலையில் பொங்கித் தின்பதுதான் நற்கருணை என்று நாட்டுப்புற மெட்டில் வழிபாடே அமைத்தார். ‘ஓர் உலை’ என்பது அவர் சொல். தாழ்மை பற்றிய ஆயிரம் பிரசங்கத்தைவிட அந்த உலை எனக்குப் பெரிது.

தாழ்மையான விசுவாசம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விலாசம் மாறிப் போயிருக்கிறது என்கிறேன். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கை வெளியிட்டது; திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. அந்த அறிக்கைக்கு எட்டு வருஷம் முன்னால், 2008 மார்ச்சில், எறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கிறித்தவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் ஊர்த்தரப்பில் இரண்டு பேர் செத்தார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவே எழுப்பிய சுவரைப் பற்றி இந்தப் பத்திரிகை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கப்பர்நாகும் அதிகாரியின் பாடம் அந்தச் சுவரைக் கட்டியவர்களுக்கு உரியது. கட்டடத்துக்கு நன்கொடை கொடுத்தேன், ஆகவே எனக்கு முதல் வரிசை என்று சொல்லாத மனுஷனின் கதை அது. தேர்க்கமிட்டிக் கூட்டத்தில் அதை வாசிக்கட்டும். நம் தெருவுக்குத் தீர் நாட்டுப் பெண்ணின் கதையை அனுப்பட்டும்.

இன்னும் ஒன்று பாக்கி. பையன். குணமானதாக மத்தேயுவும் லூக்காவும் எழுதியிருக்கிறார்கள். விடுதலை ஆனான் என்று இரண்டு பேரும் எழுதவில்லை. மறுநாள் எழுந்து வேலைக்குத்தான் போயிருப்பான். வா என்றால் வர, இதைச் செய் என்றால் செய்ய. அதிகாரியின் விசுவாசத்தைக் கண்டு வியந்த இயேசு, அவனை அனுப்பிவிடு என்று ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? சொல்லியிருந்து, எழுதியவர்கள் விட்டுவிட்டார்களா? அவனுக்கு ஒரு பேர் இருந்திருக்கும். இந்தக் கேள்வியை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை, இறையியல் புத்தகங்களிலும் அவன் அடிக்குறிப்பில்தான் கிடக்கிறான். குருமடத்திலும் இறையியல் கல்லூரிகளிலும் படிக்கிற நம் தம்பி தங்கைகள் யாராவது அந்தக் கதையை அவன் வாயால் எழுதி இந்த இதழுக்கு அனுப்புங்கள். கிரேக்கம் தெரிந்தவர்கள் தப்பு இருந்தால் என்னைத் திருத்துங்கள். கிரேக்கம் தெரியாதவர்கள் பண்ணையில் வேலை பார்த்த உங்கள் தாத்தாவிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.